திண்ம உந்தியும் இறப்பர் வளையமும்

திருவிழாக்களிலே வானை நோக்கிச் சீறியெழும் வாணத்தைக் காணாதார் இலர். திரியில் நெருப்பிட்டபின் அதனைத் தடுத்தல் இயலாது. மருந்து முற்றும் எரிந்தே தீரும். விண்வெளி ஓடங்களைப் புவியினின்றும் உயர்த்திய திண்ம எரிபொருள் உந்திகளும் இவ்வியல்பினவே. திரவ எரிபொருட் பொறியை இடைவழியில் நிறுத்தலாம். திண்ம உந்தியையோ மூட்டியபின் அணைத்தல் இயலாது. எளிய அமைப்பும் பெருவிசையும் அதன் சிறப்பு. பிழைக்கு இடங்கொடாமை அதன் குறை.

அமெரிக்க விண்வெளி ஓடத்துக்கு இத்தகைய உந்திகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 மீற்றர் உயரமும் 590 தொன் நிறையும் உடையது. அவை யூற்றா மாநிலத்திலே துண்டங்களாகச் செய்யப்பட்டுப் புகையிரதத்தில் புளோரிடாவுக்குக் கொண்டுவரப்பெற்று, அங்கே ஒன்றன்மேலொன்றாகப் பொருத்தப்பட்டன. பொருத்துவாய் ஒவ்வொன்றிலும் வெப்பவாயு கசியாவண்ணம் இரண்டு இறப்பர் வளையங்கள் இடப்பட்டன. அவற்றின் தடிப்பு 7 மில்லிமீற்றர் அளவினதே.

இனி, குறை யாதெனக் காண்போம். உந்தியை மூட்டியதும் உள்ளமுக்கத்தால் உருக்குக்கூடு புடைக்கும். அப்பொழுது பொருத்துவாய் இறுகுவதற்கு மாறாகச் சற்றே விரியும். வளையம் அக்கணமே மீண்டெழுந்து அவ்விடைவெளியை அடைத்தல் வேண்டும். ஆனால், குளிரில் இறப்பர் விறைத்து மீளுந்தன்மை குன்றும். முதல் வளையந் தவறின் இரண்டாவது காக்கும் எனக் கருதினர். இரண்டும் ஒரே வாயிற் கிடந்து ஒரே குளிரில் விறைப்பனவாயின், ஒன்றுக்கொன்று காவலாதல் எங்ஙனம்?

1981ஆம் ஆண்டின் இரண்டாம் பயணத்திலேயே வளையம் அரிக்கப்பட்டிருத்தல் காணப்பட்டது. எனினும் ஓடங்கள் நலமே மீண்டமையால் அக்குறை பொறுக்கப்பட்டது.

1986 சனவரி 27ஆம் நாள் இரவு, உந்தியைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர், 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஓடத்தை ஏவுதல் தகாதென வற்புறுத்தினர். மேலாளர் முதலில் இசைந்து பின்னர் மாறினர். மறுநாட்காலை வெப்பநிலை 2 பாகையே. சலஞ்சர் ஓடம் எழுந்து 73ஆம் செக்கனிற் சிதைந்தது, எழுவர் மாண்டனர். அவருள் ஒருவர், விண்ணிலிருந்து மாணவர்க்குப் பாடம் நடத்தவிருந்த ஆசிரியை கிறிஸ்ரா மக்கோலிவ். வகுப்பறையில் நின்று வாழ்நாளைக் கழிக்கும் எம்போல்வார்க்கு அச்செய்தி இன்றும் நெஞ்சை உறுத்துவதாகும்.

விசாரணைக்குழுவில் இருந்த பௌதிக அறிஞர் பெயின்மன், இறப்பர்த் துண்டொன்றைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி அதன் குறையை யாவருங் காணக் காட்டினார். பின்னர்ப் பொருத்துவாய் விரியாதவாறு திருத்தப்பட்டது. மூன்றாம் வளையமும் வெப்பமூட்டிகளும் சேர்க்கப்பட்டன. 1988 செத்தெம்பர் 29இல் ஓடங்கள் மீளப் பறக்கத் தொடங்கின.

நேற்றுத் தப்பினோம் என்பது இன்று தப்புவோம் என்பதற்குச் சான்றாகாது. எம் பழைய மாணவருள்ளே பொறியியலாளரும் உளர். அவர் சொற்கேட்டு முடிவுசெய்யும் பதவியினரும் உளர். முன்னவர்க்கு வேண்டுவது சொல்லுந் துணிவு. பின்னவர்க்கு வேண்டுவது கேட்கும் பொறுமை. இரண்டனுள் ஒன்று குறையினும் உயிர்கள் மாளும்.