லாச்சிக் காசும் வீட்டுச் செலவும்

கொழும்பில் கடை வைத்திருப்போரில் பலரது வீட்டுச் செலவு கடை லாச்சியிலிருந்தே போகின்றது. காலையில் ஸ்கூல் வேனுக்கு, பகலில் மீனுக்கு, இரவில் பிள்ளைகள் கேட்கும் கொத்துக்கு. எதுவும் கொப்பியில் ஏறாது. வருட முடிவில் விற்பனை நன்றாக இருந்தும் முதல் குறைந்திருக்கும். பழி சந்தையின் மேல் விழும்.

நாளொன்றுக்கு 1,500 ரூபாய் எழுதாமல் போனால் மாதத்துக்கு 45,000, வருடத்துக்கு 540,000. சிறிய கடையொன்றுக்கு அது ஒரு கொள்வனவின் முதல். எனவே ஒரு தொகையை உங்கள் சம்பளமாக எழுதி, முதலாம் திகதியே வீட்டில் கொடுத்துவிடுங்கள். கணக்கை மனைவியே பார்க்கட்டும்; அவர்கள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள்.

அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம் ஆகியவற்றை மாதமொரு தடவை நாலாம் குறுக்குத்தெருவில் மொத்தமாக எடுத்தால், தினமும் தெருமுனைக் கடைக்கு ஓடும் வேலை தீரும். மரக்கறிக்கு இது சரிவராது. மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போன பின்னர் ஒரு வீட்டுச் சாமானுக்காக அங்கு போய்வரும் கூலி கட்டாது.

மின்சாரத்திலும் ஒரு கணக்குண்டு. வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலையே விழும். 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியபோது இதைப் பலர் பில்லைப் பார்த்துத்தான் அறிந்தார்கள்.

மாத நடுவில் வீட்டுக் காசு முடிந்தால் லாச்சியில் எடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கடனைப் போல் பெயர் போட்டு எழுதி, அடுத்த மாதச் சம்பளத்தில் கழித்துவிடுங்கள். கடையில் உட்காரும் மகனுக்கும் இதே சட்டம்தான்.