போல்ட்டின் தலையெழுத்து

கொழும்பு மாளிகாவத்தையில் புகையிரத முற்றம் உண்டு. 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஆர். பிரேமதாச விளையாட்டரங்கும் உண்டு. இத்தகைய இடங்களில் உருக்கினால் ஒரு கொட்டகையையோ கூரையையோ எழுப்பும்போது, தூணையும் உத்திரத்தையும் பிணைத்து நிற்பவை பெரும்பாலும் போல்ட்டுகளே. தூண் எத்துணை வலியதாயினும், பிணைப்பு அறுந்தால் கட்டடம் நிலையாது.

இக்கணக்கை இன்று பொறியியலாளர் கணினி மென்பொருளிலே செய்கின்றனர். தூணுக்கும் தகட்டுக்கும் உரிய உருக்கு வகைகள் அதன் பட்டியலில் எளிதிற் கிடைக்கும். போல்ட்டுக்குரியவை சில வேளைகளில் அங்கே இரா. அதற்காகத் தகட்டின் உருக்கையே போல்ட்டுக்கும் கொடுத்துவிடுதல் பிழையாகும். அவ்வாறாயின், வேண்டிய எண்களை எங்கே தேடுவது?

அவை போல்ட்டின் தலையிலேயே குறியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஐ.எஸ்.ஓ. 898-1 என்னும் சர்வதேச நியமம் அக்குறிக்குப் பொருள் வகுக்கிறது. 8.8 என்ற குறியை நோக்குக. முதல் எண்ணை 100ஆற் பெருக்கினால் 800 வரும். சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் என்பதே அதன் இழுவலிமை. அந்த வலிமையில் பத்தில் எத்தனை பங்கு விசை ஏறியதும் உருக்கு மீளாது நீளத் தொடங்கும் என்பதை இரண்டாம் எண் கூறும். இங்கே பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640. குறி 4.6 எனின், இவ்விரண்டும் முறையே 400, 240 ஆகும்.

20 மில்லிமீற்றர் போல்ட்டில் மரை வெட்டிய பகுதி தாங்கும் பரப்பு 245 சதுர மில்லிமீற்றர். 8.8 வகையை இழுத்து அறுக்க ஏறத்தாழ 20 தொன் சுமை வேண்டும், 4.6 வகைக்கு 10 தொன்னே போதும். பாதுகாப்புக் கருதி அனுமதிக்கும் சுமை இவற்றினும் குறைவு. ஆயினும் வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கணினித் திரையும் இவ்வேறுபாட்டை உடனே காட்டிக்கொடாது. உருக்கின் விறைப்பைக் குறிக்கும் யங்கின் மட்டு, சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 210,000 நியூற்றன். அடர்த்தி, கன மீற்றருக்கு ஏறத்தாழ 7,850 கிலோகிராம். இவை இரண்டும் எல்லா வகைப் போல்ட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே சாதாரணக் கணிப்பில் வகையை மாற்றி இட்டாலும் திரையில் தோன்றும் வளைவுப் படம் மாறாது. வலிமையைச் சரிபார்க்கும் இடத்திலேதான் பிழை வெளிப்படும்.

எண்ணைச் சரியாகப் பதிந்ததோடும் பணி முடிவதில்லை. வரைபடத்தில் 8.8 என்று எழுதியிருக்க, வேலைத்தலத்தில் 4.6 பூட்டப்பட்டால் கணக்கு முழுவதும் வீண். பூட்டுபவரும் மேற்பார்ப்பவரும் குறியைப் படித்துப் பார்த்தல் வேண்டும். மனிதனின் தலையெழுத்தைப் படிக்க ஒருவராலும் இயலாது என்பர். போல்ட்டின் தலையெழுத்தையோ யாவரும் படிக்கலாம். கூரையின் கீழ் இருப்போர் நலத்தின் பொருட்டுப் படித்தே ஆகவேண்டும்.