உஷார்! வலிக்காத கிட்னியும் வலிக்குப் போடும் குளிசையும்

கிட்னி வருத்தம் என்றால் நம் தோட்டங்களில் முதலில் வாயில் வருவது அநுராதபுரம்தான். "அது அந்தப் பக்கத்துத் தண்ணியால வர்றது. நமக்கென்ன, மலைத் தண்ணி, ஊத்துத் தண்ணி" என்று ஒரு தைரியம். அந்தத் தைரியம்தான் இப்போது ஆபத்து.

மெதவச்சி, பதவிய, பொலன்னறுவைப் பக்கம் 1990களிலிருந்து விவசாயிகளை வாட்டும் நோய்க்கு இன்னும் உறுதியான காரணம் பிடிபடவில்லை. 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே தனி வைத்தியசாலை திறக்கும் அளவுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நோய் பரவாத பகுதிகளில் கிட்னியைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை இரண்டும் காரணம் தெரிந்தவை: சீனி வருத்தமும் பிரஷரும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருக்கும் நாம் பயப்பட வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். 2021இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருந்தது. உங்கள் லயத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கிட்னிக்குள் இருப்பவை மெல்லிய இரத்தக் குழாய்களால் ஆன இலட்சக்கணக்கான சல்லடைகள். பால் ஸ்டோரில் ரப்பர் பால் வடிக்கும் சல்லடை மேல் பெரிய பைப்பைத் திறந்து விட்டால் கண்ணி கிழியும் அல்லவா? கூடிய பிரஷர் செய்வது அதைத்தான். கெட்டுப்போன கிட்னி உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தேக்கி, பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். பிரஷர் கிட்னியைக் கெடுக்க, கிட்னி பிரஷரைக் கூட்ட, இந்தச் சுற்று வருடக்கணக்கில் ஓடும். வலியே இருக்காது. கால் வீங்கி, மூத்திரம் நுரைத்து, மூச்சு வாங்கும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

உஷார் 1: "தலை சுத்தல, அதனால குளிசை போடல"

தலை சுற்றவில்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகிவிடாது. 170 இருந்தும் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறவர்கள் உண்டு. குளிசை போட்டதால் பிரஷர் இறங்கியிருக்கிறதே தவிர, வருத்தம் போய்விடவில்லை. நிறுத்தினால் திரும்ப ஏறும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மாதம் முழுக்கக் குளிசையை மறந்துவிட்டு, கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் ஒழுங்காகப் போடுவது. கொப்பியில் நல்ல எண் விழும், டாக்டர் ஏச மாட்டார். மிச்ச நாளெல்லாம் கிட்னி அடிவாங்கும். இதற்கு நேர் எதிரானவர்களும் இருக்கிறார்கள். "இரத்தம் எடுக்க வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்று அன்று காலைக் குளிசையைத் தவிர்த்து விடுவார்கள். அளந்தால் ஏறியிருக்கும், டாக்டர் மருந்தைக் கூட்டுவார், வீட்டுக்கு வந்து இரண்டையும் போட்டால் மயக்கம் வரும். பிரஷர் குளிசையை ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொண்டு போகலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீனிக் குளிசைக்கும் ஊசிக்கும் கணக்கு வேறு; அதைத் தனியாகக் கேளுங்கள்.

உஷார் 2: கடையில் கட்டித் தரும் குளிசை

இதுதான் பெரிய உஷார். முதுகு வலி, முழங்கால் வலி, பால் வெட்டி வெட்டித் தோள்பட்டை வலி. டவுனுக்கு இறங்கினால் ஒரு சின்னக் காகிதப் பை கிடைக்கும். உள்ளே மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று மூன்று நாலு குளிசை. பெயர் இருக்காது, திகதி இருக்காது. போட்டதும் வலி பறக்கும், மறுநாள் முழுப்பேர் போடலாம். அதற்குள் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், மெபனமிக் அசிட் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இவை பிரஷரைக் கூட்டும், கிட்னிக்குள் இரத்தம் போகும் வழியை இறுக்கும்.

பிரஷருக்கு லோசார்டான் அல்லது எனலாப்ரில், கூடவே மூத்திரம் போகச் செய்யும் குளிசை என்று எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். மருந்து நல்லதுதான். முக்கியமாக, மூத்திரத்தில் புரதம் கசிகிறவர்களுக்கு லோசார்டானும் எனலாப்ரிலும் கிட்னிக்குக் காவல். ஆனால் அவற்றோடு வலிக்குளிசையும் சேர்ந்து, அன்று வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலையும் செய்தால், சல்லடைக்குப் போதிய இரத்தம் போகாது. ஒரு சில நாளிலேயே கிட்னி படுத்துவிடலாம். வலிக்குப் பெனடோல், அதுவும் அளவோடு. மீறினால் டாக்டரிடம் போங்கள். பாமசியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "எனக்குப் பிரஷர் இருக்கு, கிட்னியும் பலவீனம்."

உஷார் 3: உப்பு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. மட்டமாக ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். காலையில் ரொட்டி மாவில் உப்பு, தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல், பகலில் கருவாடு, இராவுக்கு சூப் கட்டி போட்ட நூடுல்ஸ். பகல் சாப்பாட்டோடே அன்றைய பங்கு முடிந்துவிடும். கருவாட்டை விடவே முடியாதென்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை கழுவி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் தேத்தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே தொழிலாளர்களிடையே பிரஷர் மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் கண்டபோது கூடிய உப்பையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நாம் தேத்தண்ணியில் போடுவதில்லை, சம்பலில் போடுகிறோம்.

"பிரஷருக்கு நல்ல உப்பு" என்று விற்கும் பக்கெட்டிலும் கவனம். பலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி பலவீனமானவர்களுக்கு அது வெளியேறாமல் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடலாம்.

உஷார் 4: தெம்பிலி, காமரங்கா

"தெம்பிலி குடி, கிட்னி குளிரும்" என்று சொல்லாத ஆள் இல்லை. நல்ல கிட்னிக்குப் பிரச்சினை இல்லை. கெட்ட கிட்னியோடு லோசார்டானும் எடுப்பவருக்குத் தெம்பிலியிலும் இளநீரிலும் இருக்கும் பொட்டாசியம் விஷம் மாதிரி. காமரங்கா அதைவிட மோசம். காமரங்காச் சாறு குடித்துக் கிட்னி பழுதானவர்களைப் பற்றி இலங்கை டாக்டர்களே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் காய்த்துக் கொட்டுகிறதே என்று பிழிந்து குடிக்க வேண்டாம்.

உஷார் 5: மழைக்காலக் காய்ச்சல்

எலிக்காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. வயல், சேற்றுக் கான், மாணிக்கக் குழி என்று இறங்குகிறவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மூத்திரம் குறைதல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்தக் காய்ச்சல் நேராகக் கிட்னியைத் தாக்கும். முன்பு எலிக்காய்ச்சல் வந்து தப்பியவர்களும் கிரியேட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தக் காரணத்தாலும் வாந்தி, வயிற்றோட்டம் வந்து தண்ணீர்கூடத் தங்காத நாளில் லோசார்டான், எனலாப்ரில், நீர்க் குளிசை ஆகியவற்றைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக முடிவெடுக்காமல் அன்றைக்கே கேளுங்கள். கர்ப்பம் தங்கியிருக்கிறது என்று தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். இந்த லோசார்டானும் எனலாப்ரிலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

அடுத்த கிளினிக்கில் என்ன செய்வது?

மேட்டுப் பாதையில் இறங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வாயில் வெற்றிலை பொயிலையோடு கையை நீட்டினால் எண் ஏறித்தான் காட்டும். அரை மணி நேரம் முன்பே வெற்றிலை, பொயிலை, தேத்தண்ணியை நிறுத்துங்கள். மூத்திரம் போய்விட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மூன்று எண் கொப்பியில் இருக்க வேண்டும்: பிரஷர், மூத்திரத்தில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின். கிட்னி நோயாளிக்குப் பிரஷர் 130/80க்குக் கீழே இருக்கட்டும் என்று பல டாக்டர்கள் பார்ப்பார்கள். 2021இல் வந்த சர்வதேச சிறுநீரக வழிகாட்டி, தாங்க முடிந்தவர்களுக்கு மேல் எண் 120க்குக் கீழே என்கிறது. உங்களுக்கு எந்த எண் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லோசார்டான் அல்லது எனலாப்ரில் புதிதாகத் தொடங்கினாலோ கூட்டினாலோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சிங்களத்தில் சொன்னது புரியவில்லையா? தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்து 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் அளந்து, புத்தி சொல்லி, டாக்டரிடம் அனுப்பினார்கள். அப்படிப் போன இடங்களில் பிரஷர் மற்ற இடங்களைவிட நன்றாகவே இறங்கியது. லயத்தில் வீடுகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. டிஸ்பென்சரியில் ஒரு நல்ல பிரஷர் மெஷினும், மாதம் ஒருமுறை லயத்தைச் சுற்றி வர ஒரு ஆளும் இருந்தால் இங்கேயும் நடக்கும்.

நெஞ்சு வலி, படுக்க முடியாத மூச்சு இரைப்பு, வாய் கோணல், கை கால் இழுப்பு, மூத்திரமே போகாமை: இதில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை.

கிளினிக்குப் போனால் பேர் போகுமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிட்னி கைவிட்டால் டயலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினில். தெரணியகலையிலிருந்தோ ரக்வானையிலிருந்தோ போய் வருவது தனி. துணைக்கு வருகிறவருக்கும் வேலை இல்லை. மாதத்துக்கு ஒரு பேரை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வீதம் இரண்டு ஆளுக்குப் போகும்.