சண்டையில் பிறந்த பதினேழு விதிகள்

சோழபுரம், ராஜபாளையம் பக்கம் எந்தப் பொட்டலைப் பார்த்தாலும் கிரிக்கெட் மட்டைதான் கண்ணில் படும். கால்பந்து என்றால் கேரளா, கொல்கத்தா என்று கைகாட்டிவிடுவோம். ஆனால் 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த பெண்களுக்கான இந்திய லீக் இறுதிப் போட்டியில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கியது நம் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. ஆளில்லாமல் இல்லை. பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு விதி புரியாமல் போவதுதான் சிக்கல். நடுவர் ஏன் விசில் அடித்தார் என்று தெரியாவிட்டால் 90 நிமிடமும் சலிப்புதான்.

விதிகள் பதினேழையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எந்தச் சண்டையைத் தீர்க்க வந்தது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பந்தைக் காலால் உதைத்து ஆடுவது பழைய பழக்கம். சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ‘சூஜூ’ என்ற ஆட்டம் இருந்தது. இன்றைய கால்பந்து உருவானது இங்கிலாந்தில். அங்கே பள்ளிக்குப் பள்ளி ஒரு விதி: ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், இன்னோரிடத்தில் கூடாது. இரண்டு பள்ளிப் பையன்கள் சேர்ந்து ஆடினால் அடிதடிதான் மிஞ்சும். 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன் என்ற விடுதியில் சில கிளப்புகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. எபனேசர் மார்லி என்ற வழக்கறிஞர் விதிகளை எழுதினார். கூட்டம் கூட்டமாகப் பேசியும் தீராத வழக்கு ஒன்றுதான்: பந்தோடு வருபவனின் முன்னங்காலில் உதைக்கலாமா, கூடாதா? கூடாது என்று முடிவானதும், அதையெல்லாம் நீக்கினால் ஆட்டத்தில் வீரமே இருக்காது என்று பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. கையில் தூக்கி ஓடும் கட்சி 1871-இல் ரக்பிக்குத் தனிச் சங்கம் கண்டது.

அந்த முதல் விதிகளைப் பார்த்தால் இன்றைய ரசிகர் திகைப்பார். பந்தை எவரும் கையால் பிடிக்கலாம். தூக்கிக்கொண்டு ஓடத்தான் கூடாது. கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் இல்லை. எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல். நடுவரும் இல்லை. கனவான்கள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை! அது நிலைக்கவில்லை, 1891-இல் நடுவர் விசிலோடு மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

அதே ஆண்டு வந்ததுதான் பெனால்டி. ராஜபாளையம் பக்கத்து ஆலை ஊர்க்காரர்களான நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. இந்த யோசனையைக் கொடுத்தவர் அயர்லாந்தின் மில்ஃபோர்டு என்ற ஆலைக் கிராமத்து கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம். லினன் ஆலை நடத்திய குடும்பம். கோல் விழப்போகும் நேரத்தில் வேண்டுமென்றே ஆளைச் சாய்ப்பதையும் பந்தைக் கையால் தடுப்பதையும் அவர் அருகிலிருந்தே பார்த்தவர். கனவான்கள் அப்படிச் செய்வார்களா என்று இங்கிலாந்தில் கேலி செய்தார்கள். செய்தார்கள் என்பதால்தான் விதி வந்தது.

அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணிக்கு 11 பேர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. 45 நிமிடம் வீதம் இரண்டு பாதி. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பெனால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். பந்தின் எடை 410 முதல் 450 கிராம். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில் அறிமுகமாயின. மொழி தெரியாத வீரருக்கும் எச்சரிக்கை புரிய வேண்டுமே என்று கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர் கண்ட வழி. கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்துவது பழைய தந்திரம். 2025 முதல் எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர்.

இன்று ஷூ கட்டாயம். 1911-இல் மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடித்தான் ஆங்கிலேயப் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பலர் வெறுங்கால்தான். பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியது 1960 ரோமில். அந்த அணியில் சைமன் சுந்தரராஜ் என்ற தமிழரும் இருந்தார் என்பது நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி எல்லோரையும் குழப்பும் ஆஃப்சைடு. எதிரணி கோல் வாசலிலேயே ஒருவன் காவல் காத்து நின்று, வரும் பந்தைத் தட்டிவிட்டால் அது ஆட்டமா? ஆகாது என்பதுதான் இந்த விதி. சகா பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில் இருக்கும் ஒரு வீரர், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோல் பக்கம் நின்றால் ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறார். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பராக இருப்பதால், நாம் கவனிக்க வேண்டியது கடைசித் தடுப்பு வீரரை. அவருக்கு நேராக நின்றால் குற்றமில்லை. கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. தலை, உடல், கால் மட்டும். அங்கே சும்மா நிற்பதும் குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு இந்த விதி கிடையாது.

முன்பு, அந்த வீரருக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது. தடுப்பு வீரர்கள் ஓரடி முன்னேறி நின்றே எதிரணியைச் சிக்கவைத்து, கோல்கள் வற்றிப்போயின. 1925-இல் அதை இரண்டாக்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தைய பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆயின. ஒரே ஒரு எண்ணை மாற்றியதன் விளைவு இது. கால்பந்து விதிகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான திருத்தம் வேறு இல்லை என்பேன்.

அடுத்த ஆட்டத்தில் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட விடாதீர்கள். பாஸ் கிளம்பும் நொடியில் கடைசித் தடுப்பு வீரர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்; துணை நடுவரின் ஆஃப்சைடு கொடி உயருமா என்பதை அது உயரும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.