இறுகிய கப்பியும் இளக்கும் வழியும்

முன்னுரை

எந்திரம் பழுதுற்றவிடத்து வலிமை ஒன்றையே நம்பிச் சுத்தியலை ஓங்குவோர் பலர். திருக்குறளிலோ வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆள்வோர்க்கு உரைத்த அம்மூன்றும் பட்டறைக்கும் பொருந்துவனவே. புல்வெட்டும் எந்திரத்தில் இறுகிப்போன கப்பியைக் கழற்றும் முறைகொண்டு இதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்திரத்தின் அமைப்பு

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சார்ந்த எட்வின் பட்டிங் என்பார் 1830ஆம் ஆண்டில் புல்வெட்டும் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். துணியின் மேற்பிசிறை நறுக்கும் ஆலைப்பொறியே அதற்கு முன்மாதிரி. அதில் உருளைமேல் அமைந்த அலகுகள் புல்லை நறுக்கின. இன்று அமெரிக்கா முதலிய நாடுகளின் அகன்ற புல்வெளிகளில், அமர்ந்து ஓட்டும் எந்திரங்கள் பெரிதும் பயன்படுகின்றன. அவற்றின் அடியில், கவிழ்த்த தட்டினைப் போன்ற 'டெக்' எனும் இரும்புக்கூடு உண்டு. அதனுள் அலகுகள் கிடைமட்டமாகச் சுழலும். அலகைத் தாங்கும் தண்டின் மேல்முனையில் கப்பி பொருந்தியிருக்க, எஞ்சினின் விசையால் ஓடும் பெல்ட் அதனைச் சுழற்றும்.

இறுகுவதன் காரணம்

ஈரப்புல்லின் துணுக்குகள் கப்பியைச் சுற்றிப் படிந்து நீரைத் தேக்குவதால் துரு தோன்றுகின்றது. துருவானது தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இருமடங்கிற்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பது. தண்டிற்கும் கப்பித் துளைக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் அது விளையும்போது, ஆப்பு அறைந்தாற்போல் இரண்டும் இறுகிவிடுகின்றன.

கழற்றும் முறை

முதற்கண் காப்பு. சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுதல் வேண்டும். தற்செயலாக எஞ்சின் இயங்கின் விரல்கள் தப்பா. பின்னர் பெல்ட்டை நீக்கி, டெக்கை வெளியே எடுத்து, அலகு சுழலாதவாறு மரக்கட்டையால் தடுத்துக் கப்பியின் நட்டைத் தளர்த்துக.

இரண்டாவது காலம். கம்பித் தூரிகையால் துருவை அகற்றி, ஊடுருவும் எண்ணெயைத் தண்டும் கப்பியும் சேரும் விளிம்பில் இட்டு, ஓரிரவு விட்டுவைத்தல் வேண்டும். தேவையாயின் மறுநாளும் இடலாம்.

மூன்றாவது இடம். கப்பியின் விளிம்பு மெல்லிய தகடாதலின் அதனை நெம்பினால் வளைந்துவிடும். வளைந்த கப்பி பெல்ட்டை அறுக்கும். தண்டின் முனையில் ஓங்கி அறைந்தால் மரையும் பேரிங்குகளும் கெடும். 'புல்லர்' எனும் கருவியின் கொக்கிகளைக் கப்பியின் நடுக்குடத்தின் கீழ் மாட்டி, அதன் நடுத்திருகைத் தண்டின் முனைமேல் நிறுத்தி, சிறிது சிறிதாக முறுக்குக. நட்டைத் தண்டின் முனையளவில் விட்டுவைப்பின் மரைக்குக் காவலாகும். கப்பி தெறித்து விழாமலும் தடுக்கும். திருகு இறுகியதும் அதன் தலையில் மெல்லத் தட்டிச் சற்றே காத்திருத்தல் நன்று.

அதற்கும் அசையாவிடின் வெப்பத்தை நாடலாம். 25 மில்லிமீட்டர் துளையுடைய இரும்புக் கப்பி 100 பாகை செல்சியஸ் சூடேறினால் துளை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் விரியும். சிறிதே எனினும் துருவின் பிடி தளர அது துணைபுரியும். ஆகவே தண்டை விடுத்துக் குடத்தை மட்டுமே விரைந்து சூடாக்குக. அதற்குமுன் எண்ணெயைத் துடைத்து, உலர்புல்லையும் பெட்ரோலையும் அப்பால் அகற்றுதல் இன்றியமையாதது.

மீண்டும் பொருத்துங்கால் தண்டை உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் மெலிதாகப் பூசினால் அடுத்தமுறை இத்துன்பம் குறையும்.

முடிவுரை

நம்மூர் மாவரைக்கும் ஆலையின் கப்பிக்கும் இம்முறையே பொருந்தும். வலிமை வேண்டாம் என்பதன்று. காலமும் இடமும் அறிந்து செலுத்தும் சிறுவலிமையே போதும் என்பதே கருத்து. முறிந்த தண்டை மாற்றப் பொருள் வேண்டும்; ஓரிரவு காத்திருக்கப் பொறுமை ஒன்றே வேண்டும்.