வட்டத்தில் நின்றவர்கள்

2020 மார்ச் 25-க்கு முன்னால், பெங்களூரில் எங்கள் அல்சூர்த் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் அவருடைய வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளை ஸ்விஃப்ட், காலை எட்டு மணிக்கே ஹார்ன் அடிக்கும் ஆக்டிவா. ஊரடங்கு வந்து வண்டியெல்லாம் உறை போட்டு நின்ற பிறகுதான் ஓட்டியவர்களின் முகம் தெரிந்தது. அதிலும் பாதி மாஸ்குக்குள்.

முகம் தெரிந்த இடம் மளிகைக்கடை வாசல். சாக்பீஸால் வட்டம் போட்டிருப்பார்கள். கடைக்காரர் குறுக்கே கயிறு கட்டி, பணத்தை ஒரு பிளாஸ்டிக் தட்டில் போடச் சொல்வார். வட்டம் வட்டமாக நகர்ந்து கல்லாவுக்குப் போக அரைமணி ஆகும். அவ்வளவு நேரம் முன்னால் இருப்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "ஊட்டா ஆய்தா?" என்று, சாப்பாடு ஆச்சா எனக் கன்னடத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். காலை ஏழு மணிக்கு என்ன ஊட்டா! "ஆச்சு, ஆச்சு" என்று தமிழில் பதில் போகும். அப்புறம் ரவை கிடைக்குமா, நந்தினி பால் வண்டி வந்துவிட்டதா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. சொந்தக்காரர்களின் போனில் அழுகையும் அறிவுரையும் சேர்ந்தே வரும். வரிசைப் பேச்சில் இரண்டும் கிடையாது.

அந்த வருடம் மே 20 மதியம் ஊரே அதிர்ந்தது. கல்யாண் நகரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஜன்னல்கள் குலுங்கின. எல்லாரும் பால்கனிக்கு வந்துவிட்டோம். நிலநடுக்கம், குண்டு என்று ஆளுக்கொன்று கத்த, எதிர்வீட்டு மாடியிலிருந்து, விமானம் கட்டும் எச்.ஏ.எல்.-இல் ரிடையர் ஆன பெரியவர் மட்டும், "ஒண்ணுமில்லப்பா, பிளேன் சத்தம். உள்ள போய்ச் சாப்பிடுங்க" என்றார். சாயங்காலம் பாதுகாப்புத் துறையும் அதையே சொன்னது: சோதனைப் பறப்பில் இருந்த விமானப்படை விமானம், ஒலியைவிட வேகமாகப் போய் வேகம் குறைத்தபோது எழுந்த சத்தமாக இருக்கலாம் என்று. மறுநாள் வரிசையில் பெரியவருக்குத் தனி மரியாதை. அவர் வட்டத்தை விட்டு இரண்டடி முன்னால் நின்றும் யாரும் கேட்கவில்லை.

இந்த ஆறுதலெல்லாம் கூரையும் மாதச் சம்பளமும் இருந்தவர்களுக்குத்தான். தெருக்கோடியில் பாதியில் நின்ற கட்டடத்தின் வடநாட்டுப் பையன்களுக்கு ஊர் போய்ச் சேருவதுதான் கவலை. மே முதல் வாரத்தில் கர்நாடக அரசு கட்டுமான நிறுவனக்காரர்களோடு பேசிவிட்டு, அவர்களுக்கான ரயில்களை வேண்டாம் என்றது. நாலாபுறமும் கண்டனம் எழுந்த பிறகுதான் மறுபடி விட்டது. அவர்களிடம் போய் யார் "ஊட்டா ஆய்தா" என்று கேட்பது?

2021 ஏப்ரல் கடைசியில் ஊரை மறுபடி மூடியபோது கடைகளுக்குக் காலை 6 முதல் 10 வரைதான் நேரம். ஆக்சிஜன், படுக்கை என்று போன் முழுக்க அதே பேச்சு. அப்போது வரிசையின் வேலை மாறிவிட்டது. பேசுவதைவிட எண்ணுவது அதிகம். தினம் வருகிறவர் வரவில்லை என்றால் கடைக்காரரே, "மாடி வீட்டு அஜ்ஜி எங்கே?" என்று கேட்பார். தெரிந்தவர் சொல்வார், தெரியாவிட்டால் திரும்பும் வழியில் யாராவது கேட்டருகில் நின்று குரல் கொடுப்பார்கள். மாடியிலிருந்து ஒரு கை அசைந்தால் சரி. வருகைப் பதிவு முடிந்தது.

இன்று? டெலிவரி ஆப்களின் மஞ்சள், ஆரஞ்சு, ஊதாச் சட்டைகள் பத்து நிமிடத்தில் கதவுக்கு வருகின்றன. வசதிதான், மழை நாளில் நானும் அதே ஆப்பைத்தான் தட்டுகிறேன். ஆனால் ஒரு வாரம் ஆர்டர் போடாமல் இருந்து பாருங்கள்: ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்று ஒரு கூப்பன் வரும், அவ்வளவுதான்.

மளிகைக்கடை இன்னும் இருக்கிறது. 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறுகடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வர, நகரமெங்கும் பல கடைகளில் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். எங்கள் கடையிலும் கொஞ்ச நாள் சில்லறை தேடும் சாக்கில் பேச்சு திரும்பியது. அட்டை மறுபடி ஏறியதும் தொகையைச் சொல்லும் ஸ்பீக்கர்தான் பேசுகிறது.

எச்.ஏ.எல். பெரியவர் இன்றும் பால் வாங்கத் தானே வருகிறார். மகன் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். "அது என்கிட்ட பேப்பர்ல என்ன நியூஸ்னு கேக்குமா?" என்கிறார். "சொப்பு, சொப்பு" என்று கூவி வரும் கீரைக்கார அம்மாவுக்குத்தான் நஷ்டம். தெருக்கோடியில் பாதியில் நின்ற அந்தக் கட்டடம் முடிந்து அபார்ட்மென்ட் ஆகிவிட்டது. உள்ளே விட வேண்டுமானால் வாட்ச்மேன் ஃபிளாட் நம்பர் கேட்கிறான். அங்கே குடிபோன பழைய தெருக்காரர்களின் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு ஒருத்தர் வெந்தயக்கீரை வீடு. இன்னொருத்தர் கறிவேப்பிலையைச் சும்மா கேட்கிற அம்மா.