கமிஷன் இல்லை, லாபமும் நிற்கவில்லை: இணையச் சந்தையில் சிறு வியாபாரிகளின் கணக்கு

புது தில்லி: கிழக்கு தில்லியில் உள்ள காந்தி நகர் ஆயத்த ஆடைச் சந்தையில் ஒரு குர்த்தியின் மொத்த விலை என்ன என்று கேட்டால் உடனே பதில் வரும். அதே குர்த்தியை இணையதளம் வழியாக விற்றால் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. விற்ற பணம் வங்கிக் கணக்குக்கு வருவதற்குள் கமிஷன், நிலைக் கட்டணம், பார்சல் கட்டணம், அவற்றின் மீது வரி எனப் பல பிடித்தங்கள் முடிந்துவிடுகின்றன.

இவற்றில் அதிகம் பேசப்படுவது கமிஷன். 2021-ல் மீஷோ நிறுவனம் கமிஷனையே கைவிட்டது. 2025 ஏப்ரலில் அமேசான், 300 ரூபாய்க்குக் குறைவான 1.2 கோடி பொருள்களுக்கு அதை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் நிறுவனம் 1,000 ரூபாய்க்குக் குறைவான பொருள்களுக்கு நீக்கியது. போட்டியால் விளைந்த நன்மை இது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், விலை குறைந்த பொருளில் லாபத்தைத் தீர்மானிப்பது கமிஷன் அல்ல, பார்சல் கட்டணம்தான். அமேசான் தனது அறிவிப்பிலேயே, நாடு முழுவதற்குமான பார்சல் கட்டணம் 77 ரூபாய்க்குப் பதிலாக 65 ரூபாயில் தொடங்கும் என்றது. 300 ரூபாய்ப் பொருளில் 65 ரூபாய் என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். கட்டணங்கள் தளத்துக்குத் தளம், பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால் இது தோராயமானதே. வரியுடன் 420 ரூபாய்க்கு விற்கும் குர்த்தியில் 5 சதவீத ஜிஎஸ்டி போக 400 ரூபாய் மிஞ்சும். கொள்முதல் 230, உறையும் அட்டையும் 10, நிலைக் கட்டணம் 25, பார்சல் கட்டணம் 70. கமிஷன் பூஜ்யமாகவே இருக்கட்டும். எஞ்சுவது 65 ரூபாய்.

பத்து குர்த்திகள் அனுப்பி இரண்டு திரும்பி வந்தால் கணக்கு தலைகீழாகிறது. விற்ற எட்டில் கிடைப்பது 520 ரூபாய். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போக வரப் பார்சல் கட்டணம் 140, வீணான உறைக்கு 10. இரண்டுக்குமாக 300 ரூபாய் போக, மிஞ்சுவது 220. திரும்பியவற்றில் ஒன்று கறைபட்டு, மீண்டும் விற்க முடியாத நிலையில் வந்தால் அதன் கொள்முதல் விலை 230-ம் போய்விடும். பத்து குர்த்திகள் அனுப்பியதில் முடிவாக 10 ரூபாய் நஷ்டம். அளவு பொருந்தவில்லை என்று துணிகள் அதிகம் திரும்புவதால், இந்தப் பிரச்னை ஆடை வியாபாரிகளைத்தான் முதலில் தாக்குகிறது.

காற்றுக்கும் கூலி: பார்சல் கட்டணம் தராசு காட்டும் எடையை மட்டும் பொறுத்ததல்ல. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிடைப்பது கன அளவு எடை. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்த மூங்கில் கூடை 600 கிராம்தான் இருக்கும். கணக்கில் அது 4.8 கிலோ. கைவினைஞர்கள் பலர் முதல் மாத ரசீதைப் பார்த்த பிறகே இதைத் தெரிந்துகொள்கின்றனர்.

தளம் வசூலிக்கும் கட்டணங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற வியாபாரி அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை வரம்புக்கு உட்பட்ட சிறு வியாபாரிகள், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே தளங்களில் பொருள்களை விற்க 2023 அக்டோபர் முதல் அனுமதி உண்டு. ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே. அவர்களுக்கு வரிக் கழிவு இல்லை. மேற்கண்ட குர்த்திக் கணக்கில் அது 17 ரூபாய்.

அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டது உண்மை. தளங்கள் விற்பனையின்போதே பிடிக்கும் ஜிஎஸ்டி 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து 0.5 ஆகவும், வருமான வரி அதே ஆண்டு அக்டோபரில் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆகவும் குறைந்தன. இவை பின்னர் சரிக்கட்டிக்கொள்ளக்கூடிய தொகைகள் என்பதால், குறைப்பால் வியாபாரியின் கைமுதல் முடங்குவது குறைந்ததே தவிர லாபம் கூடவில்லை.

தளங்களின் கட்டணம் பற்றிச் சட்டம் சொல்வது மிகக் குறைவு. அந்நிய முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள், பார்சல், கிடங்கு, விளம்பரச் சேவைகளை எல்லா விற்பனையாளர்களுக்கும் பாரபட்சமின்றி வழங்க வேண்டும் என்கிறது, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மத்திய அரசின் விதி. கட்டணம் எவ்வளவு என்பதில் அது தலையிடவில்லை. தளங்கள் ஒப்பந்த நிபந்தனைகளைத் தன்னிச்சையாக மாற்றுவது குறித்த புகார்களை, 2020 ஜனவரியில் வெளியான இந்தியப் போட்டி ஆணையத்தின் ஆய்வு பதிவு செய்தது. மாற்றங்களை முன்கூட்டியே தெரிவிக்கும்படி தளங்களுக்கு யோசனை கூறியதோடு ஆணையம் நின்றுகொண்டது.

2022 டிசம்பரில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு, பெரிய எண்ம நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கட்டுப்பாடு விதிக்கும் தனிச் சட்டம் தேவை எனப் பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் எண்மப் போட்டி வரைவு மசோதா வெளியானது. தன் பொருளுக்கே முன்னுரிமை தருவது, ஒரு சேவையோடு இன்னொன்றைக் கட்டாயமாக்குவது ஆகியவற்றை வரைவு தடுக்கிறது. அந்த ஆண்டிலும் 2025-லும் அது அவையில் தாக்கலாகவில்லை.

இதனிடையே வியாபாரிகள் தாங்களே ஒரு வழி கண்டிருக்கின்றனர். அரைக் கிலோ வரை ஒரே கட்டணம் என்பதால், லேசான இரண்டு குர்த்திகளை ஒரே பொட்டலமாக்கி, ஒரே விலை போட்டு விற்கின்றனர். ஒன்று மட்டும் வேண்டும் என்பவருக்கு அங்கே இடமில்லை.